128 அட்டைகளும் ஒரு பழைய கணக்கும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், உங்க துறையைப் பத்தி ஒரு கட்டுரை வேணும். கொஞ்சம் வரலாறா இருக்கட்டும், எல்லாருக்கும் புரியணும்" என்றார் செயலாளர். போன மலரில் ஏழு பேர் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றியே எழுதிவிட்டார்களாம். அந்தக் கவலை அவருக்கு!

என் துறை மருத்துவ உளவியல். மனநோய் கண்டவர்களின் கவனம், நினைவு, யோசிக்கும் திறன் இவற்றைச் சோதனை வைத்து அளந்து டாக்டருக்கு அறிக்கை எழுதித் தருவதே முப்பது வருஷத்துக்கு மேலாக என் பிழைப்பு. அதிலும் பெரும்பாலும் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களோடுதான். "கணக்கு படிச்சவன் நீ, இதுக்கு எப்படிப் போனே?" என்று நம் செட்டில் கேட்காதவர் இல்லை. இதுவரை ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

1979-82 பி.எஸ்ஸி. கணிதம் செட்டுக்குத் தெரியும், என் அறைத் தோழன் யார் என்று. பெயர் வேண்டாம். முதல் வருஷம் வகுப்பில் முதல் மார்க். செஸ்ஸில் நம் பேராசிரியர் ஒருவரையே தோற்கடித்தவன். இரண்டாம் வருஷம் பாதியில் ஆள் மாறிப்போனான். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். மெஸ்ஸில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பான், என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. வகுப்பில் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "திமிர்", "காதல் தோல்வி", "வீட்டுச் செல்லம்" என்று ஆளுக்கொரு பெயர் வைத்தோம். அந்த வருஷம் ஹாஸ்டல் தின விழாவில் ஒருவன் அந்தக் கரும்பலகைக் காட்சியை மிமிக்ரி செய்து கைதட்டல் வாங்கினான். அந்த ஒருவன் நான்தான். அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷம் தேர்வு எழுதாமலே ஊருக்குப் போனான். அவனுக்கு மனச்சிதைவு என்று இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் எம்.ஏ.வுக்குக் கணிதத்தை விட்டு உளவியல் சேர்ந்தேன்.

அவனால் முடியவில்லையா, அவன் செய்யவில்லையா? எங்கள் அறையில் நாங்கள் ஒரு வருஷம் தவறாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்த இந்தக் கேள்வியோடு, உலகத்தின் பெரிய பெரிய ஆட்களே நூறு வருஷமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. 1879-ல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார். அங்கே 1882-ல் வந்து சேர்ந்த இளம் மனநல மருத்துவர் எமில் க்ரேப்பெலின். ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு வைக்கிற சோதனைகளை ஏன் மனநோயாளிகளுக்கும் வைக்கக்கூடாது என்று நினைத்த முதல் தலைமுறை ஆள் அவர். அவருக்குப் பிடித்த சோதனை எது தெரியுமா? கூட்டல் கணக்கு! வரிசை வரிசையாக ஓரிலக்க எண்களை அச்சடித்துக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வார். குறிப்பிட்ட இடைவெளியில் எவ்வளவு முடிந்தது என்று கோடு போடவேண்டும். அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஒரு வளைவு கிடைக்கும். எப்போது பழக்கம் கூடுகிறது, எப்போது அலுப்பு தட்டுகிறது, எப்போது கவனம் நழுவுகிறது என்பதெல்லாம் அந்த வளைவில் தெரியும் என்பது அவர் எண்ணம். (இதையே ஜப்பானில் உச்சிதா என்ற உளவியலாளர் எடுத்துத் திருத்தி அமைத்தார். அங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் சோதனையாகப் பல பத்தாண்டுகள் ஓடியது. நம் மாணவர்கள் ஆப்டிட்யூட் டெஸ்ட் என்று அலறுகிறார்களே, அதற்கு இப்படி ஒரு தாத்தாவும் உண்டு.)

அதே க்ரேப்பெலின்தான் 1899-ல் வெளியான தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், இளவயதில் வந்து அறிவை அரித்துக்கொண்டு போகும் ஒரு நோயைத் தனியே பிரித்துக் காட்டினார். அவர் வைத்த பெயர் 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்'. தமிழில் சொன்னால் 'முந்தி வந்த அறிவுத்தேய்வு'. பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார் மனிதர். இருபது வயதுப் பையனுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் வீட்டில் என்ன மிஞ்சும்?

சுவிட்சர்லாந்தின் ஸூரிக் நகரில் புர்கோல்ஸ்லி மருத்துவமனையை நடத்திவந்த ஆய்கன் ப்ளாய்லர் இதை ஏற்கவில்லை. நோயாளிகளோடு ஒரே வளாகத்தில் வாழ்ந்தவர் அவர். எல்லாருக்கும் அறிவு தேய்ந்துகொண்டே போவதில்லை, சிலர் நன்றாகத் தேறுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர். 1908-ல் பெர்லினில் ஆற்றிய உரையில் 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற புதுப்பெயரைச் சொன்னார். 1911-ல் பெரிய நூலாகவே எழுதினார். நினைவு, புலனறிவு போன்ற அடிப்படைகள் கெடுவதில்லை, எண்ணங்களைக் கோத்து வைக்கும் நூல்தான் அறுந்து போகிறது என்பது அவர் வாதம். அவரிடம் வேலை பார்த்த இளைஞர் கார்ல் யுங், நூறு வார்த்தைப் பட்டியல் ஒன்றையும் ஒரு ஸ்டாப் வாட்சையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் முதலில் தோன்றும் வார்த்தையைச் சொல்லச் சொல்லி, எத்தனை தாமதம் என்று ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை கணக்கெடுத்தார். யுங் தேடியது மனதுக்குள் புதைந்த முடிச்சுகளை. திறன் எவ்வளவு என்பது அவர் கேள்வியே இல்லை.

ப்ளாய்லர் நல்ல மனசோடு சொன்னதில் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. அடிப்படைத் திறன் கெடவில்லை என்றால், சோதனையில் ஒருவர் குறைவாக வாங்கினால் என்ன அர்த்தம்? ஒத்துழைக்கவில்லை, மனம் வைக்கவில்லை, நம்மைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம்! 'முடியவில்லை' என்பது 'செய்யவில்லை' ஆகிப்போனது. இந்த எண்ணம் ரொம்ப காலம் நின்றது. எங்கள் ஹாஸ்டல் வரைக்கும் வந்து சேர்ந்தது என்றுகூடச் சொல்வேன்.

இதைப் பொறுமையாகச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்காவில் டேவிட் ஷாகோ. மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மருத்துவமனையில் 1928 முதல் 1946 வரை தலைமை உளவியலாளர். சோதனை மிக எளிது. ஒரு சாவியை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், சிக்னல் வந்ததும் விடவேண்டும். எச்சரிக்கைக்கும் சிக்னலுக்கும் நடுவே எப்போதும் ஒரே இடைவெளி இருந்தால், நம்மைப் போன்றவர்களின் கை அதைப் பிடித்துக்கொண்டு வேகமாகிவிடும். பஸ் எப்போது திரும்பும் என்று தெரிந்த கண்டக்டர் முன்கூட்டியே காலை ஊன்றிக்கொள்வது மாதிரி. நோயாளிகளுக்கோ இடைவெளி சில விநாடிகளைத் தாண்டியதும் அந்த லாபம் காணாமல் போயிற்று. ஒவ்வொரு சிக்னலும் அவர்களுக்குப் புதுச் சிக்னல். ஆயத்த நிலையை மனதில் தாங்கிப் பிடித்து நிற்பதில்தான் கோளாறு என்று ஷாகோ முடிவுக்கு வந்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு நோயாளியும் எவ்வளவு ஒத்துழைத்தார் என்பதையும் தனியே மதிப்பிட்டு வைத்தார். ஒத்துழைக்காதவர் வாங்கிய மார்க்கை அவருடைய திறனாகக் கொள்ளக்கூடாது என்பதில் கறாராக இருந்தார். இந்த ஒழுங்கு எங்கள் தொழிலில் இன்றைக்கும் எல்லாரிடமும் இல்லை.

இனி அட்டைகளுக்கு வருவோம். 1948-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எஸ்தா பெர்க், டேவிட் கிராண்ட் இருவரும் வெளியிட்ட சோதனை இது. மேசைமேல் நான்கு அட்டைகள். ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம். கையில் ஒரு கட்டு அட்டை. இன்று வழங்கும் முழு வடிவில் 128. ஒவ்வொன்றாக எடுத்து அந்த நான்கில் எதனோடு பொருந்துமோ அதன் கீழே வைக்கவேண்டும். எப்படிப் பொருத்துவது? சொல்லமாட்டோம்! "சரி", "தப்பு" இந்த இரண்டு வார்த்தைதான் எங்களுக்கு அனுமதி. நிறத்தை வைத்துப் பொருத்தினால் சரி என்று அவர் கண்டுபிடித்துத் தொடர்ந்து பத்து சரியாக வைத்ததும், சத்தம் போடாமல் விதியை மாற்றிவிடுவோம். இனி வடிவம்தான் சரி. அப்புறம் எண்ணிக்கை. பழைய விதியை விட்டுவிட்டுப் புதியதைத் தேட மனம் எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்பதே சோதனை. 1963-ல் மான்ட்ரீல் நகரில் பிரெண்டா மில்னர், மூளையின் முன்பகுதியில் அறுவை செய்யப்பட்டவர்கள் பழைய விதியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று காட்டியதும், இந்த அட்டைக்கட்டுக்கு மவுசு கூடியது.

நான் இதை முதன்முதலில் ஒருவருக்கு வைத்தது 1986-ல், பெங்களூரில் பயிற்சியில் இருந்தபோது. ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்த தையல்காரர், என் வயதுதான் இருக்கும். நிறத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார். விதியை மாற்றினேன். "தப்பு" என்றேன். மறுபடி நிறம். "தப்பு." மறுபடி நிறம். முப்பது அட்டைக்கு மேல் இப்படியே போனது. நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க மாத்திட்டீங்கன்னு எனக்குத் தெரியுது. ஆனா கை பழைய இடத்துக்கேதான் போவுது" என்றார். சோதனை நடுவில் பதில் சொல்லக் கூடாது. நானும் சொல்லவில்லை. அன்று ராத்திரி அறைக்கு வந்ததும் எனக்குக் கரும்பலகை ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் டாக்டர்கள் எங்களுக்கு அனுப்பும் சீட்டில் ஒரே கேள்விதான் இருக்கும். "ஆர்கானிசிட்டி உண்டா?" அதாவது மூளையிலேயே கோளாறா, அல்லது வெறும் மனநோயா. இந்தக் கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்தது. சிகாகோவில் ஹால்ஸ்டெட், இந்தியானாவில் ரெய்ட்டன் என்று பெரிய சோதனைத் தொகுப்புகளையே கட்டியிருந்தார்கள். கட்டி, தலைக்காயம், பக்கவாதம் உள்ளவர்களை அவை நன்றாகவே பிரித்துக் காட்டின. ஆனால் நெடுநாள் மனச்சிதைவு உள்ளவர்களை மூளைச்சேதம் உள்ளவர்களிடமிருந்து பிரிக்கச் சொன்னால் காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதைவிட அப்படி ஒன்றும் மேலில்லை. 1978-ல் ஹீட்டனும் சகாக்களும் வெளியான ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்துச் சொன்னது இதுதான். முதலில் இதைச் சோதனைகளின் தோல்வி என்றே நினைத்தார்கள். அப்படியானால் மனச்சிதைவிலும் மூளை சம்பந்தப்பட்டிருக்கிறதோ என்று திருப்பி யோசிக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. கேள்வி தப்பு என்று பதில்தான் சொல்லிக்கொடுத்தது!

அதற்குள் லண்டன் அருகே நார்த்விக் பார்க் மருத்துவமனையில் வேறொரு காரியம் நடந்திருந்தது. அப்போதுதான் வந்திருந்த சி.டி. ஸ்கேனில், நெடுங்காலமாக மருத்துவமனையிலேயே வாழ்ந்த 17 நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்தார்கள் ஈவ் ஜான்ஸ்டோன், டிம் க்ரோ குழுவினர். மூளைக்குள் நீர் நிற்கும் அறைகள் அவர்களுக்குப் பெரிதாக இருந்தன. அதோடு, அறை எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைவாக அறிதிறன் சோதனை மார்க். 1976-ல் 'லான்செட்' இதழில் வந்தது. அதே க்ரோ அந்தக் காலத்தில் நெடுநாள் நோயாளிகளிடம் "உங்க வயசு என்ன?" என்று கேட்டும் பார்த்திருக்கிறார். கணிசமானவர்கள் பல வருஷம் குறைத்துச் சொன்னார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்த அன்றைக்கு இருந்த வயதையே சொன்னார்கள். கட்டுக்கட்டாகச் சோதனை வைத்த எனக்கு, இந்த ஒற்றைக் கேள்வியைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

1986-ல் வாஷிங்டனில் டேனியல் வைன்பெர்கர் குழுவினர் அட்டைச் சோதனை நடக்கும்போதே மூளையின் ரத்த ஓட்டத்தையும் அளந்தார்கள். மற்றவர்களுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில் ஓட்டம் கூடியது. நோயாளிகளுக்கு அப்படிக் கூடவில்லை. மறு வருஷம் அதே கூட்டத்தைச் சேர்ந்த கோல்ட்பெர்க், விதியை வாய்விட்டே சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். அட்டைக்கு அட்டை கூட இருந்து சொன்னால் செய்தார்கள். சொல்வதை நிறுத்தினால் பழையபடி. 'முடியவில்லை' கட்சிக்கு வெற்றி என்று எல்லாரும் எழுதினார்கள். ஆனால் கதை அங்கேயே முடியவில்லை. சில வருஷத்துக்குள் வேறு ஆய்வாளர்கள், விவரமாகப் பயிற்சியும் கொடுத்து, சரியான ஒவ்வொரு அட்டைக்கும் சில்லறைக் காசும் கொடுத்தபோது பலர் தேறினார்கள். ஆக, முடியாது என்று கதவைச் சாத்தவும் கூடாது, மனசு வைத்தால் முடியும் என்று விரட்டவும் கூடாது. சரியான தாங்கல் இருந்தால் ஒரு பங்கு திரும்புகிறது.

இடையில் மருந்தின் கதையும் உண்டு. 1952-ல் பாரிஸில் டெலே, டெனிக்கர் இருவரும் குளோர்புரோமசினைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து நிலைமை தலைகீழாயிற்று. காதில் கேட்கும் குரல்களும் சந்தேகங்களும் அடங்கின. லட்சக்கணக்கானவர்கள் வீடு திரும்பினார்கள். வீடு திரும்பிய பிறகுதான் புதுக் குழப்பம். குரல் இல்லை, கோபம் இல்லை, ஆனால் வேலைக்குப் போனால் பத்து நாள் நிற்பதில்லை. கடைக்கு அனுப்பினால் மூன்று சாமானில் ஒன்றுதான் வருகிறது. "நல்லாத்தானே இருக்கான், சோம்பேறித்தனம் சார்" என்று என்னிடம் சொல்லாத தகப்பனார் குறைவு. 1996-ல் அமெரிக்காவின் மைக்கேல் கிரீன் ஒரு கட்டுரை எழுதினார். அன்றாட வாழ்க்கை, வேலை, பழக்கவழக்கம் எப்படி அமைகிறது என்பதை நினைவும் கவனமுமே முன்கூட்டிச் சொல்கின்றன, குரல்களும் சந்தேகங்களும் அவ்வளவாகச் சொல்வதில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். 1998-ல் ஹைன்ரிக்ஸ், ஸக்ஸானிஸ் இருவரும் 204 ஆய்வுகளைக் கூட்டிக் கணக்குப் போட்டபோது, எல்லாவற்றிலும் அதிகம் அடிபட்டிருப்பது கேட்ட வார்த்தைகளை நினைவில் நிறுத்துவதுதான் என்று வந்தது.

அப்படியானால் க்ரேப்பெலின் சொன்ன தேய்வுதானா? இல்லை. இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் சங்கத்திலேயே பிள்ளைகளுக்கு இந்த நோய் வந்து வெளியே சொல்லாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் 1950களில் நான்கு சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள். ஒரே பிரசவத்தில் பிறந்த, ஒரே மாதிரியான நால்வர், நால்வருக்கும் மனச்சிதைவு. 27 வயதிலும் 51 வயதிலும் 66 வயதிலும் அவர்களுக்குச் சோதனை வைத்தார்கள். கடைசித் தடவை சோதித்தவர் ஆலன் மிர்ஸ்கி. திரையில் ஓடும் எழுத்துகளில் குறிப்பிட்ட ஒன்று வரும்போது மட்டும் பொத்தானை அழுத்தும் கவனச் சோதனையை 1956-ல் உருவாக்கிய குழுவில் ஒருவர் அவர். நாற்பது வருஷத்தில் அவர்களுடைய அறிதிறன் சரிந்துகொண்டே போகவில்லை. கோளாறு பெரும்பாலும் நோய் வெளிப்படும் முன்னும், வெளிப்படும் காலத்திலும் வந்துவிடுகிறது. பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கிறது. 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்த ஆய்வில், பின்னாளில் நோய் கண்டவர்கள் 8, 11, 15 வயதுப் பள்ளிச் சோதனைகளிலேயே ஒரு கூட்டமாகப் பார்த்தால் சற்றுக் கீழே இருந்திருக்கிறார்கள். கூட்டமாகப் பார்த்தால் என்பதைக் கவனிக்கவும். என் நண்பன் வகுப்பில் முதல். "நோபல் வாங்கின ஜான் நாஷ் எப்படி?" என்று கேட்பீர்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவர் சோதனைகளில் சாதாரண மார்க்கே வாங்குகிறார். ஆனால் அவருக்கு முன்பு இருந்தது அதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். சராசரி என்று எழுதிக் கையெழுத்துப் போடும் முன் நாங்கள் இதை யோசிக்கவேண்டும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சோதனையெல்லாம் பள்ளிக்கூடம் போன வெள்ளைக்கார ஜனங்களை வைத்துத் தயாரானவை. 1-2-3 என்று எண்களையும் ஏ-பி-சி என்று எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோடு இழுத்து இணைக்கும் சோதனை ஒன்று, 1944-ல் அமெரிக்க ராணுவத்துத் தொகுப்பிலிருந்து வந்தது. கையெழுத்தே போடத் தெரியாத ஒருவருக்கு அதை வைத்து, 'மூளைக் கோளாறு' என்று எழுதினால் யாருக்குக் கோளாறு? பயிற்சிக் காலத்தில் ஒரு பெரியவரிடம், "ஒரு நிமிஷத்துக்குள்ள எத்தனை மிருகம் பேர் தெரியுமோ சொல்லுங்க ஐயா" என்றேன். அவர் "கிடாரி, காளைக்கன்னு, வெள்ளாட்டுக் கிடா, மறி, செம்மறி, குட்டி..." என்று ஆடு மாட்டுக்குள்ளேயே சுற்றிவிட்டு, "இன்னும் எங்க பட்டியிலயே முடியலையே தம்பி" என்றார். கையேட்டின்படி மார்க் குறைவு. அவர் மூளையில் என்ன குறை?

இதைச் சரிசெய்ய பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் ஷோபினி ராவ், சுப்பகிருஷ்ணா, கோபுகுமார் மூவரும் நம் மக்களுக்கே சோதனை வைத்து, வயது, ஆண்-பெண், எழுதப் படிக்கத் தெரியாதவர், பள்ளிப் படிப்பு, கல்லூரிப் படிப்பு என்று பிரித்து அளவுகோல் தயாரித்து 2004-ல் வெளியிட்டார்கள். எழுத்துக்குப் பதில் இரண்டு நிற வட்டங்களை மாற்றி மாற்றி இணைக்கும் சோதனை வந்தது. எஃப், ஏ, எஸ் என்று வார்த்தை சொல்லச் சொல்வதற்கு மாற்றாக க, ப, ம வந்தது. என்னைக் கேட்டால், என் தொழிலில் நடந்த பெரிய காரியங்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன். ஆனாலும் நகரத்தில் எடுத்த அளவு கிராமத்துக்கு அப்படியே பொருந்துமா என்ற உறுத்தல் இன்னும் எனக்கு உண்டு.

அமெரிக்காவிலும் மேட்ரிக்ஸ் என்ற பெயரில் பெரும் முயற்சி எடுத்து, 10 சோதனைகள், 7 வகைத் திறன்கள் என்று ஒரு பொதுத் தொகுப்பை 2008-ல் வெளியிட்டார்கள். புது மருந்து அறிதிறனைக் கூட்டுகிறதா என்று எல்லாரும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கலாமே என்பது நோக்கம். தராசு நன்றாகத்தான் இருக்கிறது, வைக்கத்தான் பண்டம் இல்லை! பெரிய நம்பிக்கையோடு வந்த ஐக்லெபெர்ட்டின் என்ற மருந்தும் 2025 ஜனவரியில் இறுதிக்கட்டச் சோதனையில் பலன் காட்டவில்லை என்று அறிவித்தார்கள். லண்டனில் டில் வைக்ஸ் போன்றவர்கள் வளர்த்த மூளைப் பயிற்சி முறைதான் இப்போதைக்கு ஓரளவு கைகொடுக்கிறது. அதுவும் பயிற்சியோடு நிஜமான வேலை ஒன்றும் சேர்ந்தால்தான் நன்றாக ஒட்டுகிறது.

என் நண்பனை மறுபடி பார்த்தது 2007-ல், நம் செட் வெள்ளிவிழாவில். யாரோ தேடிப் பிடித்து அழைத்திருந்தார்கள். அண்ணனுடைய ஹார்டுவேர் கடையில் உட்காருகிறான். சட்டைப் பையில் சின்னச் சின்னத் துண்டுச் சீட்டுகள். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை, முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்தது. இதை அவனே கண்டுபிடித்தானாம். நாங்கள் பயிற்சி என்ற பெயரில் சொல்லிக் கொடுப்பதும் ஏறக்குறைய இதுதான். "மாத்திரை போட்டதும் குரலெல்லாம் போயிடுச்சுடா. கணக்குதான் திரும்பி வரல" என்றான். ரொம்ப சாதாரணமாகச் சொன்னான்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "எனக்கும் அந்த டெஸ்ட் வைடா" என்றான். நண்பனுக்கு நானே வைக்கக்கூடாது, இன்னொருவரை வைக்கச் சொன்னேன். பதினைந்து வார்த்தைப் பட்டியலை ஐந்து தடவை படித்துக் காட்டியும் ஏழைத் தாண்டவில்லை. அட்டைச் சோதனையில் பாதியில் நின்றான். முழு ஒத்துழைப்பு, முழு முயற்சி என்று அந்தப் பெண் அறிக்கையில் தெளிவாக எழுதியிருந்தாள். நான் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி விளக்கினேன். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஏமாத்தலைன்னு இதுல எழுதியிருக்குல்ல?" என்றான். ஆமாம் என்றேன். "ரெண்டு காப்பி குடு. ஒண்ணு எங்கண்ணனுக்கு."

அந்த ஹாஸ்டல் தின மிமிக்ரியைப் பற்றியும் அன்றுதான் பேசினேன். மன்னிப்பு கேட்டேன். "அதை நான் எப்பவோ மறந்துட்டேன்டா. மறதிதானே என் வியாதியே!" என்று சிரித்தான். மறந்தானா இல்லையா என்று எந்தச் சோதனையிலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் கட்டுரையைப் போன வாரம் போனில் அவனுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி, முந்தின பத்தியைத் திரும்பப் படிக்கச் சொன்னான். "பேரு போடாதே. ஆனா புரொபசரை செஸ்ல ஜெயிச்சது கட்டாயம் இருக்கணும்" என்றான். இந்தத் தடவை விழாவுக்கும் வருகிறானாம். தேதியைச் சீட்டில் எழுதிப் பையில் வைத்தாயிற்று என்று நேற்றும் சொன்னான்.